ஜோடி நிழல் நிறுத்தம்

உலகம்மாளை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பெரியாஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு. கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் கட்டிலின் கம்பிகளையும் குளுக்கோஸ் பாட்டிலையும் என் தலையையும் எதிர்ச் சுவரில் நிழலாகப் போட்டிருந்தது. அவளை மட்டும் போடவில்லை. அவளுக்கு நிழல் இல்லாமல் போய் அப்போது இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்ததால் நானும் அதைக் கவனிக்கவில்லை, ஊசி போட வந்த நர்ஸம்மாவும் சேர்த்த அன்றைக்கே சீட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டதோடு மறந்துபோயிருந்தார். மூக்கையும் வாயையும் மூடிப் பிராணவாயு வைத்திருந்ததால் அவளால் பேச முடியாது. வலது கையை மெத்தையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கி, நடுவிரலையும் மோதிர விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக் காட்டினாள். சரி என்று தலையாட்டிவிட்டுக் கீழே போய் கேண்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது பிராணவாயு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

அந்த விரல் பாஷை எங்கள் தொழிலில் பிறந்தது. நான், சங்கிலி, கல்யாண வீடியோ எடுக்கிறவன், எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், கேமராவை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஒரு பழைய கேமராவை வாங்கி வந்து பிரித்துப் பிரித்து மாட்டித்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணமான புதிதில் லைட் பிடிக்க ஆள் கிடைக்காமல் உலகம்மாளே என்னோடு வந்தாள். நாதஸ்வரமும் மைக் செட்டும் சேர்ந்து அலறும் மண்டபத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால் கையால் பேசிக்கொண்டோம். முஷ்டி பிடித்தால் பேட்டரி இறங்குகிறது, உள்ளங்கையைச் சுழற்றினால் கேசட் முடியப்போகிறது, இரண்டு விரலை மடக்கினால் பந்தியில் உங்களுக்கு ஒரு இலை பிடித்து வைத்திருக்கிறேன், வந்து சாப்பிடுங்கள். மாப்பிள்ளை பெண் சாப்பிடுவதைப் படம் எடுக்கிறவனை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. அவள் கேட்டாள், விரலால்.

நான் பொறாமைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனிச் சொல்லப்போகும் காரியத்தை ஊரில் எல்லோரும் அதிசயம் என்று சொல்லிப் பழகி, பிறகு அதிசயம் என்று சொல்வதையும் விட்டுவிட்டார்கள், நான் ஒருவன் மட்டும் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தேன்.

ஊருக்குக் கேபிள் டிவி வந்த வருடம் அது. பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம் படிக்கும் ஐந்து பையன்கள் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். ஆண்டு விழாவுக்குள் சொந்தமாக ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, அதை வீடியோவாக எடுத்து, விழா மேடையில் டிவி வைத்துக் காட்டி, அப்புறம் கேபிளில் தினமும் ஓட விட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். பாட்டு எழுதியவனும் பாடியவனும் ஒருவனே, பால்வண்ணன் என்று பெயர், ஒல்லியாக, தோளில் தொங்கும் பையோடு, யார் பேசினாலும் அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்து பேசுகிறவன். ஒரு மாதம் சாயங்காலந்தோறும் அவர்கள் என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, என்னிடம் மிஞ்சிக் கிடந்த கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு காட்சியையும் பென்சிலால் வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். ஸ்டூடியோவுக்குப் பின்னறைதான் எங்கள் வீடு. உலகம்மாள் கதவோரத்தில் தையல் மிஷினை மிதித்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பால்வண்ணன் பாட்டை முழுதாகப் பாடிக் காட்டினான். மிஷின் சத்தம் நின்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நெலா, நட்சத்திரம், உசுரு எல்லாம் கேக்கான், சாப்பிட்டியான்னு மட்டும் ஒருத்தனும் பாட்டுல கேக்க மாட்டேங்கான்."

பையன்கள் சிரித்தார்கள். பால்வண்ணன் சிரிக்கவில்லை. "மதினி சொல்லுதது சரிதான்" என்று பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்றாம் சரணத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினான். அவள் சொன்னதை ஒருவன் எழுதிக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன், நான்கு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன எதையும் நான் எழுதிக்கொண்டதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. மறுநாள் அவள் அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி பித்தான் தைத்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குத் தெரியாது. நான் உள்ளே போய் ஒரு காரணமும் இல்லாமல் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

கதாநாயகிதான் சிக்கல். கல்லூரியில் பதினொரு பெண்கள் படித்தார்கள், ஒருத்தியின் வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, பிரின்சிபாலும் பெண் பிள்ளைகள் முகம் எதிலும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு பால்வண்ணன், முகமே வேண்டாம், நிழல் போதும் என்றான். பருத்தி ஜின்னிங் மில்லின் நீளமான வெள்ளைச் சுவரில் சாயங்கால வெயிலில் அவன் நிழலும் ஒரு பெண்ணின் நிழலும், கடைசிச் சரணத்தில் அந்த இரண்டு நிழல்களும் கை தொட வேண்டும், ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்கலாம். பையன்கள் மறுபடி பதினொரு வீட்டுக்கும் போய்க் கேட்டார்கள். நிழலும் எங்கள் பிள்ளைதான் என்று பதினொரு அப்பாக்களும் சொல்லி அனுப்பினார்கள்.

அப்போதுதான் உலகம்மாள் மிஷினை விட்டு எழுந்து வந்து, "நெழல்தான, நான் நிக்கேன்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்த பிள்ளைகள் முன்னால் மனைவியை மறிக்கிற ஆளாகத் தெரிய எனக்கு வெட்கமாக இருந்தது. தாராளமா, என்று சொன்னேன். அந்த வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதாக நினைவில்லை.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. காலை ஏழு மணிக்கு ரயில்வே கேட்டில் ஆரம்பித்து, குளத்துக் கரை, கல்லூரி மைதானம் என்று எடுத்துக்கொண்டே வந்து, நான்கரை மணிக்கு மில் சுவருக்கு வந்து சேர்ந்தோம். உலகம்மாள் மதியமே தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்து மில் வாசல் படியில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வெயில் போய்விடும் என்று நான் சாப்பிடவில்லை. சுவரிலிருந்து மூன்றடியில் செங்கல் அடுக்கி அவளை ஏறி நிற்கச் சொன்னேன், அவளுக்குப் பின்னால் பத்தடி தள்ளி பால்வண்ணன், இருவரையும் விட்டுப் பக்கவாட்டில் கேமராவோடு நான். என் கேமராவின் வியூ பைண்டருக்குள் சுவர் மட்டுமே, சுவரில் நிழல் மட்டுமே. டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போட்டார்கள்.

நான் பைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தேன். கையை இன்னும் நீட்டு. பால்வண்ணா, ரெண்டடி இடது பக்கம். இன்னும் கிட்ட. இன்னும் கிட்ட. விரல் படல. என் வாயால், என் கண்ணால், என் மனைவியின் கை நிழலை இன்னொருவனின் கை நிழலுக்குள் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எட்டு டேக் சரியாக வரவில்லை, கை மேல் கை பட்டதே தவிரப் பிடித்த மாதிரி இல்லை. ஒன்பதாவது டேக்கில், ஐந்தேகால் மணிக்கு வெயில் பழுத்து மஞ்சளான நேரத்தில், அவள் நிழல் விரல்கள் அவன் நிழல் கைக்குள் போய் என்னவோ அசைந்தன, அவன் கையை அவள் இறுகப் பற்றிக்கொண்டது போல இருந்தது. ஓகே, என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

பையன்கள் கைதட்டினார்கள். பால்வண்ணன் நகர்ந்தான், உலகம்மாள் செங்கல்லிலிருந்து இறங்கினாள், நான் கேமராவை மூடினேன். சுவரில் இரண்டு நிழல்களும் கை கோத்தபடி நின்றுகொண்டிருந்தன.

சேவியர் என்ற பையன்தான் முதலில் பார்த்தான். பெயிண்டோ என்று கையால் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஜில்லுன்னு இருக்குல, என்றான். உலகம்மாள் தன் காலடியைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. பால்வண்ணனும் பார்த்துக்கொண்டான். வெயில் இறங்கிக்கொண்டிருந்ததால் எல்லோரும் சாமான்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். தூக்குவாளி கனமாகவே திரும்பி வந்தது. அதை அவள் கோழிகளுக்குக் கொட்டியதை நான் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு எங்கள் ஊர் அந்த நிழல்களை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பார்க்கக் கூட்டம் வந்தது, கோவில் பட்டரும் சர்ச் உபதேசியாரும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டு, இதற்கு விரோதமாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து சுவரின் நீள அகலம் அளந்து, மரம் இல்லை, கிணறு இல்லை, நிரந்தர நிழல் இரண்டு என்று குறித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் அந்த இடத்தில் சாய்ந்தால் உச்சி வெயிலிலும் குளிர்ச்சியாக இருப்பதைப் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கண்டுபிடித்தார்கள், மரமே இல்லாத அந்தச் சாலையில் அது பெரிய காரியம். பெண்கள் உலகம்மாளின் நிழலில் சாய்ந்தார்கள், ஆண்கள் பால்வண்ணன் நிழலில் சாய்ந்தார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் கை சேர்ந்த இடத்தில் நின்றார்கள். முப்பிடாதி தன் டீக்கடையை எதிர்ப்பக்கம் மாற்றிக்கொண்டார். வெயில் காலத்துக்குள் பஸ்கள் அங்கே நிற்கத் தொடங்கின, கண்டக்டர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். ஜோடி நிழல் இறங்கு, ஜோடி நிழல் இறங்கு. ஒரு நாளைக்குப் பதினெட்டுத் தடவை, என் ஸ்டூடியோ வாசல் வரை கேட்கும்படி.

உலகம்மாளுக்கும் கஷ்டம் ஒன்றும் வரவில்லை. அவள் கிட்டே போனாலும் கோழிகள் மிரளவில்லை. தைக்கும்போது துணியில் அவள் நிழல் விழாததால் ஊசி முனை எப்போதும் வெளிச்சத்திலேயே இருந்தது, அவள் தையல் முன்னைவிட நுணுக்கமாகி மூன்று தெருத் தள்ளியெல்லாம் ரவிக்கைத் துணி வந்தது. தண்ணிக் குழாயடியில் பெண்கள், ஒனக்கென்ன உலகு, வெயில்ல நடந்தாலும் பாதி பாரம் கொறைவு என்று கேலி பேசினார்கள். அவளும் சிரித்தாள். ஆண்டு விழாவில் பாட்டு காட்டப்பட்டு, பரிசு வாங்கி, கேபிளில் தினமும் ஆறரை மணிக்கு ஓடியது. ஊரே சாப்பாட்டுக்கு முன் அதைப் பார்த்தது. நான் அந்த நேரத்தில் கரண்டு கம்பத்தையும் கேபிள் கம்பியையும் மனதுக்குள் அறுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்கள்தான் என்னைக் கொன்றார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகும் ஊர்களில், உங்க ஊருல ஒரு புருசன் பொண்டாட்டி நெழல் நிக்குதாமே என்று கேட்பார்கள். லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவள்தான் அந்தப் பெண், அந்த ஆண் நானில்லை என்று எப்படிச் சொல்வது. அவளை லைட் பிடிக்க அழைத்துப் போவதை நிறுத்தினேன். வேறு ஆளை வைத்துக்கொண்டேன். அந்த ஆளுக்கு விரல் பாஷை தெரியாது. கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அதற்கும் பால்வண்ணன்தான் காரணம் என்று சேர்த்துவைத்தேன்.

சித்திரையில் ஒரு வாளிச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தேன். அன்று சாயங்காலமே இரண்டும் சுண்ணாம்புக்கு மேலே வந்து நின்றன. மொத்தம் ஏழு தடவை அடித்தேன். ஏழாவது தடவை மில் முதலாளி காரை நிறுத்தி, சங்கிலி, ஒன்னப்போல ஊர்மேல அக்கறை உள்ளவன் யாரும் இல்ல என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் வேறு யோசனை வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. நான் பால்வண்ணனிடமே போய், கேமராவை அவன் கையில் கொடுத்து, அதே ஐந்தேகால் வெயிலில், அவள் நிழலுக்கு மறுபக்கம் என் நிழல் விழும்படி நின்றுகொண்டு, எடு என்றேன். அவன் எடுத்தான். டேப் ரிக்கார்டரையும் போட்டோம். ஒன்பது டேக். ஒவ்வொரு தடவையும் நான் நகர்ந்தபோது என் நிழலும் என்னோடு நகர்ந்து வந்துவிட்டது, நன்றியுள்ள நாயைப்போல.

ஒன்பதாவது முடிந்ததும் அவன் கேமராவை இறக்கி, "அண்ணாச்சி, இதுல இருந்து பாத்தா ஆளே தெரிய மாட்டேங்கு. எப்படித்தான் நாள் பூராவும் இதுக்குள்ள பாத்துட்டு இருக்கீங்க" என்றான். குத்திக் காட்டுகிறான் என்று நினைத்துக் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, பெண் கடலூர்ப் பக்கம். அந்த ஊரில் இதெல்லாம் பழக்கமில்லை, நிழல் இல்லாத மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்காது என்று பெண் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். அவன் ஒரு சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய இடத்தில் பழையபடி நின்றானாம். நிழல் சுவரிலிருந்து இறங்கி அவன் காலில் சேர்ந்துகொண்டதாம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாலைந்து பேர் பார்த்துவிட்டு, ஆண்களெல்லாம் இனி எங்கே சாய்வது என்று மட்டும் கவலைப்பட்டார்களாம். அவன் அன்றே ஊரைவிட்டுப் போனான். அவனை நான் பிறகு பார்க்கவில்லை.

செய்தி கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. நேரே வீட்டுக்குப் போய் உலகம்மாளிடம், "அவன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான். நீயும் போய் ஒன்னத எடுத்துட்டு வந்துரு" என்றேன்.

அவள் வாயில் நூலை வைத்துக்கொண்டே, "அது அங்கனயே நிக்கட்டும்" என்றாள்.

"யாருக்காவ நிக்கி?"

அவள் நூலைக் கடித்துத் துப்பினாள். "யாருக்குன்னு போய்ப் பாருங்க. பாத்தாத் தெரியும்."

அதை நான் சவாலாக எடுத்துக்கொண்டேன். போனவன் திரும்பி வருவான் என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதைப் போய் வேறு பார்க்க வேண்டுமா. அன்றிலிருந்து அந்தச் சாலையில் நான் கால் வைக்கவில்லை. பஸ்ஸுக்குக் கூட ரயில்வே கேட் வரை ஒன்றரை மைல் நடந்து போய் ஏறினேன், நிறுத்தம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். என் முன்னால் யாரும் சுவர்ப் பேச்சு எடுப்பதில்லை, பஜார் டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு மழைக்கு மாறிவிடும், எங்கள் ஊர் மரியாதை தெரிந்த ஊர். உலகம்மாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இருபது வருடம் ஒரே வீட்டில், அவள் தைத்தாள், நான் படம் எடுத்தேன், ஒருவர் முன்னால் ஒருவர் தட்டு வைத்துக்கொண்டோம். சோறு போட்டுவிட்டு அவள் என்னைக் கூப்பிடும்போது வாயால்தான் கூப்பிட்டாள். விரலால் கூப்பிடுவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அந்தக் கையைப் பார்த்தபோது அது எனக்கு அத்தனை வருடம் கழித்துக் கிடைத்தது என்பதுகூட இட்லி சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறைத்தது.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு டீக்கடை முப்பிடாதி வந்திருந்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சி கோவப்படக் கூடாது. மதினி நெழலு அப்படியேதான் இருக்கு, போகல. பொம்பளையெல்லாம் இன்னும் அதுலதான் சாஞ்சு நிக்காங்க. அந்தப் பய நெழலு போனதுக்கப்புறந்தான் அந்தக் கை நல்லாத் தெரிஞ்சது. என்னமோ ரெண்டு வெரல மடக்கிக்கிட்டு நிக்கி. கட்சிக்காரன் எங்க சின்னம்ங்கான், வாத்தியாரு பரத முத்திரைங்காரு. ஊருல ஒருத்தனுக்கும் வெளங்கல."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு, வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, அந்தச் சாலை வழியாக நடந்தேன். மில்லை இடித்து மனை போட்டிருந்தார்கள், பஸ் நிறுத்தத்துக்காக முப்பதடிச் சுவரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். என் ஏழு கை சுண்ணாம்பு அங்கங்கே பொருக்காக உரிந்து கிடந்தது. மதியம் இரண்டரை மணி இருக்கும். சாய்ந்து நின்ற இரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் விலகி நின்றார்கள். நான் அன்று கேமராவோடு நின்ற இடத்தைத் தேடிப்போய் நின்றேன், முதல் தடவையாக வெறும் கண்ணோடு.

அந்த மாசி ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது டேக் வரை, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, தூக்குவாளி மில் வாசல் படியில் இருந்தது.

சுவர் இப்போதும் இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் நிழல் வலது கையை நீட்டி நிற்கிறது, நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியிருக்கின்றன.